என்ற கட்டிலுக்கு வராத மெஷினு

தண்ணி குடி அம்மணி, நல்லாக் குடி. பாதி பாட்டிலோட நிறுத்திட்டீன்னா உள்ள போனதும் திருப்பித் தாட்டிவுட்டுருவாங்க. மூத்திரப்பை நெம்பி இருந்தாத்தான் அந்த ஸ்கேன் மெஷின்ல எல்லாம் தெளிவாத் தெரியுமாம். அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கோணும். காலை ஆட்டாதே, ஆட்டினா இன்னும் முட்டிக்கிட்டு வரும்.

எனக்கு இதெல்லாம் அத்துபடி. ஆனா எனக்கு எடுக்க வந்து கத்துக்கிட்டதில்ல. என்ற ஓரகத்திக்குத் தொணையா வந்து வந்து கத்துக்கிட்டது. ஆப்பரேசனுக்குப் பொறவு எனக்குன்னு எடுக்கறது இன்னைக்குத்தான். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால உக்காந்திருக்குதே ஒரு புள்ள, அதுகிட்டப் போயி ரெண்டு வாட்டி சொல்லிட்டு வந்துட்டேன். துளசிமணின்னு சத்தமாக் கூப்புடு கண்ணுன்னு.

அதோ, குழாய்கிட்ட நின்னு எனக்குத் தண்ணி புடிக்கறா பாரு, பச்சைச் சேலை, அவதான் என்ற ஓரகத்தி. எங்கூட்டுக்காரரோட தம்பி சம்சாரம். பேரு கோகிலவாணி, வாணி வாணிம்போம். வெளிய ஆட்டோகிட்ட நின்னு போன் பேசிக்கிட்டு இருக்கறவரு எங்கூட்டுக்காரரு. உள்ள வந்து உக்காரமாட்டாரு. பொம்பளைங்க எடம், கூச்சமா இருக்குதும்பாரு. வாணிக்கு எடுக்கறப்ப மட்டும் கூச்சம் எங்க போச்சுன்னு தெரியல. அதைப் பொறவு சொல்றேன்.

எங்களுக்குப் பள்ளிபாளையம் பக்கம். சொந்தத்துல தறிப்பட்டறை. அண்ணந்தம்பி ரெண்டு பேருக்கும் ஒரே பட்டறை, ஒரே அடுப்பு. அந்த அடுப்புகிட்ட நிக்கறது நானு.

எனக்கு வருசக்கணக்கா உதிரப்போக்கு அம்மணி. மாசத்துல பாதி அதுலயே போயிரும். நடந்தா தலை கிறுகிறுங்கும். மாமியாகிட்டச் சொன்னா, "நிக்கற வயசு, அப்படித்தான் இருக்கும்"பாங்க. எங்கூட்டுக்காரருகிட்டச் சொன்னா, "அம்மாகிட்டச் சொல்லு"ம்பாரு. அப்படியே ஓடுச்சு. அப்புறம் வாணிக்கும் அதே மாதிரி ஆச்சு. அவளுக்கு வந்த ரெண்டாம் மாசமே டாக்டர்கிட்டப் போயாச்சு. கர்ப்பப்பையில கட்டி, எடுத்துரோணும்னு சொல்லிட்டாங்க. அப்பத்தான் கொழுந்தனாரு சொல்றாரு, "அண்ணிக்கும் இப்படித்தானே இருக்குது, ஒருக்காக் காட்டிப் பாத்தறலாமே"ன்னு. என்ற சீக்கு கூட அவ சீக்கு பின்னாலதான் ஆஸ்பத்திரிக்குப் போகோணும், பாத்துக்க.

ஆப்பரேசனுக்கு முன்னால எனக்கும் ஒருக்கா ஸ்கேன் எடுத்தாங்கதான். நானே பஸ் ஏறிப் போயி, நானே படுத்து, நானே எந்திரிச்சு வந்தேன். அதெல்லாம் ஆரு பாத்தா?

ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல ஆப்பரேசன். அதெப்படி ஒரு ஊட்டுல இருக்கற ரெண்டு பொம்பளைகளையும் ஒரே நாள்ல படுக்க வைப்பாங்கன்னு கேக்கறியா? எங்கூட்டுல வைப்பாங்க. எங்க நாத்தனா கோயமுத்தூர்ல டீச்சரு. மே மாசம் லீவு. அவ வந்து ஒருத்திக்குச் சோறாக்கிப் போட்டாலும் ஒண்ணுதான், ரெண்டு பேருக்குப் போட்டாலும் ஒண்ணுதான். தொணைக்கு ஒரே ஆளு, ஆஸ்பத்திரிக்கு ஒரே நடை. ரெண்டு பொண்ணுகளுக்கு ஒரே பந்தல்ல கல்யாணத்தை முடிக்கறாப்புல முடிச்சுப்போட்டாங்க. எனக்கும் சந்தோசந்தான். சொல்றதுக்கென்ன, மசக்கையில கூட நான் படுத்ததில்ல. ஒரு மாசம் படுத்துக்கிட்டு, ஆராச்சும் தட்டுல போட்டுக் கொண்டாந்து குடுக்கறதைத் திங்கலாம்னு அம்புட்டு ஆசையாப் போனேன்.

எனக்கு மொத, அவளுக்குப் பொறவு. ஒரே டாக்டரம்மா. பக்கத்துப் பக்கத்துக் கட்டிலு. மொத ரெண்டு நாளும் ஒண்ணும் வித்தியாசமில்ல. இவளும் முனகுனா, நானும் முனகுனேன். அதுக்கப்புறம் அவளுக்கு லேசாக் காய்ச்சல் அடிச்சுது. வயிறு இறுக்கிப் புடிக்குதுன்னா. அன்னைக்கு வந்துச்சு அம்மணி அந்த மெஷினு.

சக்கரம் வெச்சது. கீச்சுக் கீச்சுன்னு தள்ளிக்கிட்டு வந்தாங்க. நான் நைட்டியை இழுத்துவிட்டுக்கிட்டு, முடியை ஒதுக்கிக்கிட்டு நிமுந்து படுத்தேன். அது என்ற கட்டிலைத் தாண்டிப் போயி அவ கட்டில்கிட்ட நின்னுருச்சு.

டாக்டரம்மா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவ பக்கத்துல உக்காந்தாங்க. என்ற கட்டில்கிட்ட வந்தா நின்னமானைக்கே "எப்படி இருக்கீங்க, வாயு பிரிஞ்சுதா?"ன்னு கேட்டுட்டுப் போறவங்க, அங்க உக்காந்துட்டாங்க. வயித்துல பசையைத் தடவறதுக்கு முன்னால, "கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கும் கண்ணு"ன்னு வேற சொல்றாங்க. எனக்கு ஊசி போடறவங்க கூட அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்ல.

அப்ப எங்கூட்டுக்காரரு என்ற கட்டில்ல உக்காந்து ஆரஞ்சுப் பழம் உரிச்சுக்கிட்டு இருந்தாரு. எனக்கு. கல்யாணம் ஆனதுல இருந்து அவரு எனக்குன்னு ஒரு பழம் உரிச்சு நான் பாத்ததில்ல. பாதி உரிச்சாச்சு. அந்த மெஷின் சத்தம் கேட்டுச்சோ இல்லையோ, ஆரஞ்சை என்ற வயித்து மேல வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. ஆப்பரேசன் பண்ணுன வயித்து மேல அம்மணி! நான் அதை எடுக்கவுமில்ல, திங்கவுமில்ல. அப்படியே வெச்சுக்கிட்டுப் படுத்துக் கிடந்தேன். திரும்பி வந்து, "ஏன், புளிக்குதா?"ன்னு கேக்கறாரு.

தையல் போட்ட எடத்துக்கு மேல ரத்தம் கட்டியிருக்குதாம். எலுமிச்சங்கா அளவாம். தானாவே கரைஞ்சுரும், ஆனா கரையுதா இல்லையான்னு பாத்துக்கிட்டே இருக்கோணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. அவ்வளவுதான், ஊட்டுல எல்லாரு வாயிலயும் அதே பேச்சு. மாமியா போன் பண்ணுனா, "எலுமிச்சங்கா எப்படி இருக்குது?" கொழுந்தனாரு வந்ததும், "எலுமிச்சங்கா கொறைஞ்சுதா?" பொறந்த குழந்தையை விசாரிக்கறாப்புல விசாரிக்கறாங்க. தெனமும் மெஷின் வரும். அண்ணந்தம்பி ரெண்டு பேரும் திரையை எட்டி எட்டிப் பாப்பாங்க. எங்கூட்டுக்காரருக்குத் தறியில நூல் அந்துபோனா எங்க அந்துச்சுன்னு தெரியும். அந்தத் திரையில என்ன தெரியும்? ஆனாலும் தலையைத் தலையை ஆட்டுவாரு.

அவளுக்குப் புள்ள உண்டானப்பவும் இதே கதைதான். ஸ்கேன்ல எடுத்த போட்டோவைச் சாமி படத்துக்குப் பக்கத்துல சொருகி வெச்சிருந்தாங்க. வர்ற சொந்தம், ஒரம்பரைக்கெல்லாம் எடுத்துக் காட்டுவாங்க. என்ற பையன் வயித்துல இருந்தப்ப ஒரு போட்டோவும் இல்ல. பொறந்து வெளிய வந்த பொறவுதான் அவன் மூஞ்சியைப் பாத்தாங்க. அந்தக் காலத்துல நம்ம பக்கம் ஆரும் எடுக்கலைங்கறது வேற விசயம். எனக்கு எடுக்கல, அதான் நான் சொல்றது.

நர்ஸ் புள்ளைகிட்டக் கேட்டே போட்டேன். "ஏங்கண்ணு, ரெண்டு பேருக்கும் ஒரே ஆப்பரேசன்தானே, எனக்கெப்போ மெஷினு?" அது சிரிக்குது. "உங்களுக்கு வேண்டாம்மா, நீங்க சூப்பரா இருக்கீங்க"ங்குது. சூப்பராம். வாணியோட அப்பா ஐஸ்கூல்ல எச்செம்மு, பெரிய வாத்தியாரா இருந்தவரு. அவருகிட்டப் படிச்ச டாக்டருங்க எத்தனையோ பேரு. அதான் அவளுக்கு மட்டும் மெஷினு. எங்கப்பா மாட்டு யாவாரம். எனக்கு மெஷின் எப்படி வரும்?

என்னை ஊட்டுக்கு அனுப்பிட்டாங்க. அவளை வெச்சுக்கிட்டாங்க. சரி போகட்டும், ஊட்டுல போயிப் படுத்துக்கலாம்னு பாத்தா, நாத்தனா ஆஸ்பத்திரியில அவளுக்குத் தொணை. ஊட்டுல ஆரு சோறாக்கறது? மாமியாளுக்கு முட்டிவலி. எல்லாரும் என்ற மூஞ்சியைப் பாக்கறாங்க. "நீதான் நல்லாயிட்டியே"ங்கறாரு எங்கூட்டுக்காரரு. தையல் கூடக் காயல அம்மணி. ஆட்டுக்கால் வாங்கிட்டு வந்து வெச்சாரு. எனக்கோன்னு நெனைச்சேன். சூப்பு வெச்சுத் தூக்குப்போசியில ஊத்தி, மூடிக்குத் துணி சுத்தி, நானே அவளுக்குத் தாட்டிவிட்டேன். மொளகு கொஞ்சம் தூக்கலாப் போட்டேன், அவளுக்கு அப்படித்தான் புடிக்கும். போசி கழுவாம வந்துச்சு.

ஆ, இங்க வெச்சுரு வாணி. குடிக்கறேன், குடிக்கறேன். நீ போயி அந்த ஃபேனுக்குக் கீழ உக்காரு, வெயில்ல நின்னுக்கிட்டு இருக்காதே.

பாத்தியா, மெல்ல மெல்ல நடக்கறா. அவ நடையே இப்ப அப்படி ஆயிருச்சு.

அவளும் ஊட்டுக்கு வந்தா. வாராவாரம் இங்க ஸ்கேனுக்குக் கூட்டிக்கிட்டு வரோணும். நாத்தனா லீவு முடிஞ்சு போயிட்டா. வேற ஆரு வருவா? நான்தான். இங்கதான், நீ உக்காந்திருக்கற எடத்துலதான் உக்காருவோம். அவளுக்கு நான் தண்ணி ஊத்தி ஊத்திக் குடுப்பேன். உள்ள போனா என்ற கையைப் புடிச்சுக்குவா. "நீங்க திரையைப் பாருங்கக்கா, எனக்குப் பயமா இருக்குது"ம்பா. இத்தனை பேரு தாங்கறாங்க, இவளுக்கென்ன பயம்னு நெனைச்சுக்குவேன். கறுப்பா ஒரு திட்டு தெரியும். போன வாரத்துக்கு இந்த வாரம் பெருசாத் தெரியறாப்புல இருக்கும். கொறைஞ்சிருக்குது வாணின்னு சொல்லிருவேன். டாக்டரு மாத்திரையை மாத்தி எழுதுவாங்க.

அப்புறம் ஒரு நாளு. நல்ல மத்தியானம். பட்டறையில தறி ஓடுது. நான் அரிசி களைஞ்சுக்கிட்டு இருக்கறேன். "அக்கா"ன்னு ஒரு சத்தம். போயிப் பாத்தா உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது அவளுக்கு. பல்லு கிட்டிக்குது. தொட்டா நெருப்பு. மூணு போர்வையைப் போட்டு மேல நான் படுத்தும் நடுக்கம் நிக்கல. ஆம்பளைங்களுக்குப் போன் அடிக்கறேன், தறிச் சத்தத்துல ஆரும் எடுக்கல. கத்தறேன், கேக்கல. மாமியா சுவத்தைப் புடிச்சுக்கிட்டு எந்திரிக்கறதுக்குள்ள நான் அவளைத் தூக்கிட்டேன் அம்மணி. ஆமா, தூக்கித்தான். இப்பத்தான் இப்படி மெலிஞ்சுட்டா, அப்பெல்லாம் நல்ல கனம். ரோட்டு வரைக்கும் தூக்கிட்டுப் போயி, போற ஆட்டோவை மறிச்சுப் போட்டுக்கிட்டு வந்தேன். குடம் தூக்காதீங்கன்னு எனக்கும்தான் சொல்லி அனுப்பியிருந்தாங்க. என்ற சேலையெல்லாம் அவ வாந்தி. அது என்ற நல்ல சேலை, பொங்கலுக்கு எடுத்தது. இன்னும் கறை போகல.

ஆஸ்பத்திரியில உடனே மெஷினைத் தள்ளிக்கிட்டு வந்தாங்க. எலுமிச்சங்கா சாத்துக்குடி ஆயிருச்சாம், சீழ் புடிச்சிருச்சாம். மெஷின்ல பாத்துக்கிட்டே ஊசியை உள்ள விட்டு, குழாய் வெச்சு அந்தக் கெட்ட ரத்தத்தையெல்லாம் வடிச்சாங்க. இன்னுங் கொஞ்சம் தாமசிச்சிருந்தா உசுருக்கு ஆபத்தாயிருக்கும்னு சொன்னாங்க.

எல்லாரும் ஓடி வந்தாங்க. வந்து என்ன சொன்னாங்கங்கறே? "அந்த மெஷின் மட்டும் இல்லைன்னா புள்ளையைப் பாத்திருக்க முடியாது." மாமியா அந்த மெஷினுக்குப் பொட்டு வெக்காத கொறைதான். மெஷினாம், மெஷினு. மெஷினா அவளை ரோட்டு வரைக்கும் தூக்கிட்டு வந்துச்சு? நான் சேலையில வாந்தியோட அந்தச் செவுத்து ஓரமா நின்னுக்கிட்டு இருந்தேன். ஒரு டீ வேணுமான்னு ஆரும் கேக்கல. எங்கூட்டுக்காரரு கேட்டாரு, அடுப்பை அணைச்சுட்டு வந்தியான்னு.

அன்னைலருந்து எனக்கு இடுப்புல இந்த எடது பக்கம் புடிச்சுக்கிட்டு இழுக்குது. சொன்னேன். மறுபடியும் சொன்னேன். "சூடு புடிச்சிருக்கும், வெந்தயம் முழுங்கு"ன்னாங்க மாமியா. அப்புறம் வாணிதான் ஒரு நாள் சாப்புடறப்ப எல்லாரு முன்னாலயும் சொன்னா, "அக்காவுக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்தறோணும்"னு. மறுநாளே ஆட்டோ வந்து வாசல்ல நிக்குது. நான் சொன்னா ஆருக்கும் காதுல வுழாது. அவ சொன்னா ஆட்டோ வருது. சொல்லு அம்மணி, எனக்கு வவுறெரியுமா எரியாதா?

இன்னைக்கு அதுல ஏதாச்சும் தெரியோணும். பெருசா வேண்டாம். ஒரு சுண்டக்கா அளவு. வாராவாரம் வாங்கன்னு சொல்ற அளவுக்கு.

இரு இரு, கூப்புடறாங்க. துளசிமணி, ஆமா, நான்தான், வர்றேன். நீயும் வர்றியா வாணி? சரி வா. இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்க அம்மணி, வந்தர்றேன்.

*

வந்துட்டேன். மொத பாத்ரூம் போயிட்டுத்தான் வர்றேன், இல்லைன்னா மானம் போயிருக்கும். உன்னை இன்னும் கூப்புடலியா?

என்னத்தைச் சொல்றது. ஒண்ணுமில்லையாம்.

டாக்டரு நல்லாத்தான் பாத்தாங்க. ஜில்லுன்னு இருக்கும்மான்னு கூடச் சொன்னாங்க, எனக்கும் சொன்னாங்க. வயித்து மேல ஓட்டற அந்தக் கட்டையை இப்படி வெச்சு, அப்படி வெச்சு, அமுத்திப் பாத்தாங்க. வாணி தலைமாட்டுல நின்னு என்ற கையைப் புடிச்சுக்கிட்டா. வளையலு பதியற அளவுக்கு இறுக்கறா. எடுக்கறது எனக்கு, இவ எதுக்குப் பயப்படறா?

"உள்ள எல்லாம் நல்லா ஆறியிருக்குதுங்கம்மா. ரத்தக்கட்டு ஒண்ணும் இல்ல. ஏதாச்சும் தூக்கியிருப்பீங்க, தசை லேசா இழுத்திருக்கும், சரியாயிரும்"ங்கறாங்க.

"நல்லாப் பாருங்க டாக்டரம்மா, எடது பக்கம் பாருங்க"ன்னேன்.

"பாத்துட்டேம்மா. சுத்தமா இருக்குது. இனி நீங்க எல்லா வேலையும் பண்ணலாம்."

வாணி 'முருகா'ன்னுட்டு அழுதுட்டா. எனக்கும் அழுகை வந்துருச்சு அம்மணி. ரெண்டு பேரும் அழுகறதைப் பாத்து அந்த டாக்டரு சிரிக்கறாங்க. அவங்களுக்கு என்ன தெரியும். எல்லா வேலையும் பண்ணலாம்னா எங்கூட்டுல அதுக்கு என்ன அர்த்தம்னு அவங்களுக்குத் தெரியாது. விடிஞ்சா பால் கறக்க மாட்டுக்கிட்ட உக்காரோணும், தண்ணி தூக்கோணும், பட்டறை ஆளுங்களுக்கும் சேத்து ஆக்கோணும்.

வெக்கத்தை விட்டுச் சொல்றேன், நான் அந்த டாக்டரு கையைப் புடிச்சுக்கிட்டேன். "வெளிய எங்கூட்டுக்காரரு கேட்டா ஒண்ணுமில்லைன்னு மட்டும் சொல்லீராதீங்க. இன்னொருக்கா வரச் சொல்லுங்க"ன்னேன். அவங்க சிரிப்பு நின்னுருச்சு. பசையைத் தொடச்சுக்கங்கம்மான்னு துணியைக் குடுத்துட்டு அடுத்த ஆளைக் கூப்புட்டுட்டாங்க. வாணியும் பக்கத்துலதான் நின்னா. தரையைப் பாத்துக்கிட்டு நின்னா.

பாத்ரூமுக்குப் போறதுக்கு முன்னால வெளிய வந்தோம். எங்கூட்டுக்காரரு போனை வெச்சுட்டு வந்தாரு. "என்ன சொன்னாங்க?" என்னைக் கேக்கல, அவளைத்தான் கேக்கறாரு. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள இவ ஆரம்பிச்சுட்டா.

"மாமா, அக்காவுக்கு உள்ள தசை இழுத்திருக்குதாம். ஒரு மாசத்துக்குக் குனியவே கூடாதாம். தண்ணி தூக்கக்கூடாது, மாட்டுக்கிட்ட உக்காரக்கூடாது, அடுப்புகிட்ட நிக்கவும் கூடாதுன்னு டாக்டரு கண்டிசனாச் சொல்லிட்டாங்க. மீறுனா எனக்கு ஆன மாதிரி ஆயிருமாம். அடுத்த மாசம் மறுபடியும் ஸ்கேன் எடுத்துப் பாக்கோணுமாம். நீங்களும் உள்ள வந்து பாக்கோணுமாம்."

ஒரு வார்த்தை அந்த டாக்டரு சொன்னதில்ல அம்மணி! கண்ணு இமைக்காம சொல்றா, எச்செம் மகளாச்சே. எங்கூட்டுக்காரரு மூஞ்சி செத்துப் போச்சு. என்னைப் பாத்தாரு. நெசமாவே பாத்தாரு. "வலி இருக்குதுன்னா முன்னமே சொல்றதில்லையா?"ன்னாரு. நான் எத்தனை வாட்டி சொன்னேன்னு உனக்கே தெரியுமே, இங்க உக்காந்து கேட்டியே. அப்புறம் ஆரஞ்சு வாங்கிட்டு வர்றேன்னு ரோட்டுக்கு அக்கட்ட போயிருக்கறாரு.

அவளுக்கு நான் நன்றி சொல்லோணுமாக்கும்? என்ற வலியைக் கூட அவ வாயில கேட்டாத்தான் நம்பறாங்க. நான் நெசத்தைச் சொன்னா வெந்தயம். அவ பொய்யைச் சொன்னா ஆரஞ்சு. இதுலயும் அவளுக்குத்தான் நல்ல பேரு, "வாணி எவ்வளவு அக்கறையாக் கேட்டு வந்து சொல்றா"ன்னு ஊட்டுல போயிப் பேசுவாங்க. ஆக்கறதையும் நானே பாத்துக்கறேன் மாமான்னு வேற சொல்லி வெச்சிருக்கறா. அந்த ஒடம்பை வெச்சுக்கிட்டு. குழாய் எடுத்து இன்னும் புண்ணு கூட ஆறல, இவ போயிப் பட்டறை ஆளுங்களுக்கு ஆக்கிப் போடுவாளாம். நான் கட்டில்ல படுத்துக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருப்பேனாம். ஆளை வெச்சு ஆக்கச் சொல்லி இன்னைக்கே சொல்லிர்றேன். மாமியா மொணகுனா மொணகட்டும்.

பையைக் குடு அம்மணி. உன்ற பேரைத்தான் இப்பக் கூப்புடப் போறாங்க, அது வரைக்கும் எந்திரிக்காம அப்படியே இரு. உனக்கு எல்லாம் நல்லபடியா இருக்கும். இருந்தா ஊட்டுல போயி உடனே சொல்லீராதே.

அங்க பாரு, படியில நின்னுக்கிட்டு எனக்குக் கையை நீட்டிக்கிட்டு நிக்கறா. நானென்ன சீக்காளியா, அவ கையைப் புடிச்சு எறங்கறதுக்கு? ஊதுனா விழுகறாப்புல நிக்கறா, இவ என்னைப் புடிக்கறாளாம். சரி, போயிப் புடிச்சுக்கறேன். வர்றேன் வாணி, அங்கயே நில்லு, நீ எறங்காதே. இவ பாட்டுக்கு விழுந்து வெச்சான்னா, மறுபடியும் அவ கட்டிலுக்குத்தானே அம்மணி மெஷினைத் தள்ளிக்கிட்டு வருவாங்க.